பதினொன்றாம் செடி

ரிம்மா சவேல்யெவ்னா பெர்ம் நகரத்தில் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டியவள். தண்டவாளம் பனியில் புதைந்து கிடக்கும் விடிகாலைக்கும் அவள் பயந்ததில்லை, டிக்கெட் எடுக்காமல் மல்லுக்கு நிற்கும் குடிகாரனுக்கும் பயந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அறுபத்திரண்டாம் வயதில், ஒரு ராஸ்பெர்ரி வரிசைக்குப் பயந்து ஒரு கோடை முழுவதும் திரிந்தாள். அந்த வரிசையை வெட்டிச் சாய்த்தது அவளேதான்.

காமா ஆற்றுக்கு அக்கரையில், மின்சார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளி, தோட்டக்காரர் சங்கத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. புருஷன் அர்க்காதி வேலை பார்த்த தொழிற்சாலை எழுபத்தெட்டில் கொடுத்தது. ஒரு மரக்குடில், ஒரு தண்ணீர்ப் பீப்பாய், நடுவே சாம்பல் கொட்டிய நடைபாதை. பாதைக்கு இந்தப் பக்கம் பாத்திகள். உருளைக்கிழங்கு, பீட்ரூட், காரட், சதகுப்பை, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வெள்ளரி எல்லாம் ரிம்மாவின் ராஜ்யம். அந்தப் பக்கம் இருந்த கூஸ்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் அர்க்காதியுடையவை. அங்கே ஒரு பழத்தைக்கூட அவள் தன் கையால் பறித்ததில்லை. அவர்தான் பறித்து, எனாமல் குவளையில் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பார்.

இந்த எல்லை வந்த கதை சிரிப்பான கதைதான், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்றாலும். நிலம் வாங்கிய மறுவருஷம் அர்க்காதி நல்ல பழங்களாகப் பார்த்து விதையெடுத்து, பெட்டியில் முளைக்க வைத்து, நாற்பது ராஸ்பெர்ரி நாற்றுகளைப் பாத்தி ஓரமாக நட்டிருந்தார். ரிம்மா களையெடுக்கிறேன் பேர்வழி என்று ஒரே காலையில் நாற்பதையும் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டாள். அவர் பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. பதினாறாம் நாள் ஒரு வாளி சாம்பலைக் கொண்டுவந்து நிலத்தின் குறுக்கே கோடு மாதிரிக் கொட்டினார்.

"இதுக்கு இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் நான். தாண்டி வந்தே, அவ்வளவுதான்."

"உன் முள்ளுக்குள்ள எனக்கு என்ன வேலை? பல்லக்கு வெச்சுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் போ" என்றாள் அவள். வீம்புக்குச் சொன்னதை வீம்புக்காகவே முப்பது வருஷம் காப்பாற்றினாள்.

அவர் மறுபடி விதைத்தார். பல வருஷம் பாடுபட்டு, முளைத்ததில் பதினொன்றாம் செடி ஒன்றைத்தான் வைத்துக்கொண்டார். அதன் பழம் மஞ்சள் நிறம், கட்டைவிரல் பருமன். வாயில் வைத்தால் தேனும் காட்டுப்பூவும் கலந்த ஒரு மணம். மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அந்த ஒன்றின் வேரடிக் கன்றுகளைக் கொண்டே ஒரு வரிசை பெருக்கினார். அதற்கு ஒரு பெயர் வைக்கவும் மனிதருக்கு மனசு வரவில்லை. "பதினொன்று" என்றே கூப்பிட்டார். யாருக்கும் ஒரு கன்று கொடுத்ததில்லை. "இன்னும் மூணு குளிர்காலம் தாங்குதா பார்க்கணும்" என்பார். மூன்று ஒன்பதாயிற்று. அடுத்த நிலத்து ஃபாயினா குஸ்மினிச்னா ஒருமுறை வாய்விட்டுக் கேட்டபோது, மறுநாளே வேலியோரம் குழி தோண்டி, வேர் அந்தப் பக்கம் ஓடாதபடி கல்நார்த் தகடுகளைப் புதைத்தார். அதிலிருந்து ஃபாயினா அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள். கருமி என்றால் இப்படியா ஒருத்தன் கருமியாக இருப்பான்!

போன செப்டம்பர் கடைசியில், வீட்டு நடையில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் மொத்தமும் போயிற்று. பேச்சும் போயிற்று. 'ம்', 'இல்ல', 'போ' என்று மூன்று சத்தம் மிஞ்சியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டரம்மா ரிம்மாவைச் சுவரோரம் அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"இன்னொண்ணு வரும். எப்போன்னு சொல்ல முடியாது. அடுத்த கோடையைத் தாண்டினா பெரிய விஷயம். மனசு அதிர்ற மாதிரி எதையும் காதுல போட்டுடாதீங்க. இதயமும் சரியில்ல."

அர்க்காதி சாப்பிட மறுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தாம் நாள், ஆறிப்போன கோதுமைக் கஞ்சியும் கரண்டியுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ரிம்மாவுக்கு வாயில் வேறொன்றும் வரவில்லை.

"அர்க்காஷா, நீ இப்படிக் கிடந்தா ஜூலையில பதினொண்ணை யார் பறிக்கிறது? நானா? நான் சாம்பலைத் தாண்டினா செத்தாலும் எந்திரிச்சு வந்து அடிப்பியே!"

அவர் மெல்லத் திரும்பினார். வாயின் இடது பக்கம் திறந்தது. கரண்டி உள்ளே போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு கரண்டியும் பதினொன்றைச் சொல்லித்தான் உள்ளே போனது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் அதே மந்திரம்தான். அந்த மனிதரை உயிரோடு பிடித்துவைத்திருந்தது மாத்திரை இல்லை, அந்த மஞ்சள் பழம் என்று ரிம்மா நம்பினாள். நம்பியதில் தப்பும் இல்லை.

அக்டோபர் நடுவில், பனி விழுமுன் தோட்டத்தைச் சுத்தம் செய்ய அவள் மட்டும் போனாள். அவரைப் பார்த்துக்கொள்ள மாடிவீட்டு இல்கிஸின் மனைவியை உட்காரவைத்திருந்தாள். காய்ந்த உருளைச் செடிகளைப் பிடுங்கினாள், பாத்திகளைக் கொத்திவிட்டாள், பீப்பாயைக் கவிழ்த்தாள். பிறகு சாம்பல் பாதையில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் ராஸ்பெர்ரித் தண்டுகள் ஆளுக்கொரு திக்கில் சாய்ந்து, பட்ட இலையோடு அனாதையாய்க் கிடந்தன. வருஷா வருஷம் இந்த நாளில் அர்க்காதி குனிந்து குனிந்து அங்கே ஏதோ வெட்டுவார், கட்டுவார். அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான்.

வேலிக்கு அப்பால் ஃபாயினாவின் நிலம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவள் செப்டம்பரிலேயே நகரத்துக்குத் திரும்பிவிடுவாள். அவளுடைய ராஸ்பெர்ரி வரிசை, மொட்டையடித்த தலைபோலத் தரையோடு தரையாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வெட்டுவாள். அடுத்த வருஷமும் காய்க்கத்தானே செய்கிறது?

ரிம்மா சாம்பலைத் தாண்டினாள். முப்பது வருஷத்தில் முதல் முறை. அவருடைய கத்தரியை ஆணியிலிருந்து எடுத்து, நின்ற தண்டையெல்லாம் அடியோடு வெட்டினாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. கையெல்லாம் முள். வெட்டியதைக் குவித்துத் தீ வைத்து, கடைசிக் குச்சி எரியும்வரை நின்று பார்த்தாள். அவருக்காக ஒரு நல்ல காரியம் செய்த நிறைவில், ரயிலில் கருப்பு ரொட்டியும் தேநீரும் இறங்கியதே தெரியவில்லை.

"உன் பக்கமும் சுத்தம் பண்ணிட்டேன், அர்க்காஷா. கோவிச்சுக்காதே. பளிச்சுன்னு இருக்கு" என்று அன்று மாலை சொன்னாள். அவர் இடது கையால் அவள் விரல்களை அழுத்தினார்.

குளிர்காலம் போயிற்று. மே மாதம் பனி உருகி, தோட்டத்துக்குப் போன முதல் நாளே ஃபாயினா வேலியோரம் வந்து நின்றாள். பத்து வருஷமாகப் பேசாதவள்.

"ரிம்மா சவேல்யெவ்னா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு? கேள்விப்பட்டேன். அது சரி, அந்தப் பதினொண்ணை ஏன் இப்படி வெட்டிப் போட்டீங்க?"

"உங்க வரிசையும் அப்படித்தானே இருக்கு?"

"அய்யோ! என்னுது வேற ஜாதிங்க. இந்த வருஷம் முளைக்கிற தண்டுலயே காய்க்கும், இலையுதிர் காலத்துல. அவரோடது அப்படி இல்ல. போன வருஷம் முளைச்ச தண்டுலதான் இந்த வருஷம் காய். கிழட்டுத் தண்டை வெட்டணும், இளசை வளைச்சுக் கட்டிப் பனிக்கடியில படுக்கப் போடணும். நீங்க ரெண்டையும் சேர்த்து..." ரிம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்திக்கொண்டாள். "வேர் சாகாது. புதுசா முளைக்கும். அடுத்த வருஷம் காய்க்கும்."

அடுத்த வருஷம்! தோட்டக்காரர்களுக்கு அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. ரிம்மா வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். டாக்டரம்மா கொடுத்தது ஒரு கோடை. அந்தக் கோடையைத்தான் அவள் தன் கையால் வெட்டி, தன் கையால் கொளுத்தியிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அர்க்காதி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, புருவத்தை உயர்த்தினார். கேள்வி என்னவென்று கேட்கவேண்டியதில்லை.

"துளிர் விட்டிருக்கு" என்றாள் ரிம்மா. "எல்லாத் தண்டுலயும்."

பொய் ஒன்றோடு நிற்குமா? அவருக்கு விவரம் வேண்டும். மொட்டு எவ்வளவு பெரிசு என்று விரல் நுனியைக் காட்டுவார், உயரம் எவ்வளவு என்று கையைத் தூக்குவார். புதரைப் பற்றி எள்ளளவும் தெரியாத ரிம்மா, சனிக்கிழமை தோறும் வெட்கத்தை விட்டு வேலியோரம் போய் நிற்பாள்.

"ஃபாயினா குஸ்மினிச்னா, பதினொண்ணு இருந்திருந்தா இப்போ என்ன நிலைமையில இருக்கும்?"

"பூ முடிஞ்சு பச்சைக் காய் பிடிச்சிருக்கும். பட்டாணி அளவு. கீழ்க் கிளையில கொஞ்சம் பெரிசு" என்பாள் ஃபாயினா, நேரில் பார்த்துவிட்டு வந்தவள் போல. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு குடிலுக்குப் பின்னால் போய்விடுவாள்.

ரிம்மா அதை அப்படியே வாங்கி வந்து கஞ்சியோடு ஊட்டுவாள். அவர் கண் மூடிக் கேட்பார், இடது உதடு மட்டும் சிரிக்கும். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுவாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறாள். சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பினால் அவ்வளவுதான்.

ஜூலை மூன்றாம் வாரம் அர்க்காதி இடது கையால் ஜன்னலைக் காட்டினார். பிறகு தன் மார்பைக் காட்டினார். "போ" என்றார்.

"எங்கே போறது? ரயில்ல உன்னை ஏத்த முடியுமா? நான் பறிச்சுக் கொண்டுவரேன்."

"இல்ல. போ."

அந்த நேரம் பார்த்து மருந்து வாங்கிக் கொடுக்க வந்த இல்கிஸ், நல்ல மனசுக்காரன், நெஞ்சை நிமிர்த்தினான். "ரிம்மா அத்தை, இதுக்கா யோசிக்கிறீங்க? என் வேன்ல பின் சீட்டைக் கழட்டிட்டா மாமாவை நாற்காலியோடவே தூக்கி வெச்சிடலாம். சனிக்கிழமை காலையில போயிடலாம், மாமா, என்ன?"

அர்க்காதி பத்து மாதத்தில் காணாத வேகத்தில் தலையாட்டினார். ரிம்மாவுக்கு அந்த நல்ல மனசுக்காரனைப் படிக்கட்டிலிருந்து உருட்டிவிடலாம் போல இருந்தது.

"வெள்ளிக்கிழமையே நான் போயிடறேன். நீங்க பின்னாடி வாங்க. குடிலைப் பெருக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சாம்பல் பாதையில் நின்றாள். வெட்டிய வேரிலிருந்து இந்த வருஷத்துக் கன்றுகள் தோளுயரத்துக்கு, நெருக்கியடித்துக்கொண்டு, பச்சைப்பசேல் என்று நின்றன. ஒரு பூ இல்லை, ஒரு காய் இல்லை. அர்க்காதி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். குடிலுக்குத் தீ வைத்துவிடலாமா? பாதையில் பாலம் உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? நான் விழுந்து காலை உடைத்துக்கொண்டால்? கடைசி யோசனை அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"ரிம்மா! என்ன பண்றே? இறங்கு கீழே!"

ஃபாயினா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். கையில் ஒரு எனாமல் குவளை. முப்பது வருஷத்து 'நீங்க' எங்கே போயிற்றோ தெரியவில்லை. ரிம்மா இறங்கி, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, நாளைக்கு அவர் வருகிறார் என்று சொல்லி ஓவென்று அழுதாள். ஃபாயினா குவளையை அவள் மடியில் வைத்தாள். பாதிக் குவளை மஞ்சள் பழம்.

ரிம்மா ஒன்றை வாயில் போட்டாள். தேனும் காட்டுப்பூவும்.

"எங்கேயிருந்து?"

"திருடினேன்" என்றாள் ஃபாயினா. "மூணு வருஷம் முன்னாடி, மழையில, நீங்க ரயிலுக்குப் போன பிறகு. ஒரே ஒரு கன்று. குடிலுக்குப் பின்னாடி சாக்கு கட்டி மறைச்சு வெச்சிருக்கேன். மே மாசமே சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பலே. அவர் அந்தத் தகட்டைப் புதைச்சப்போ எனக்கு எப்படி எரிஞ்சுது தெரியுமா? ஆனா திருடி நட்டப்புறம் ஒரு பழம் நிம்மதியாத் தின்னதில்ல."

"அடிப்பாவி" என்றாள் ரிம்மா. பிறகு அவளைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் அந்த இரண்டு கிழவிகளும் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? சனிக்கிழமை விடிந்ததும், சாக்கை அவிழ்த்து, ஃபாயினாவின் செடியில் காய்த்துத் தொங்கிய ஐந்து தண்டுகளையும் அடியோடு வெட்டினார்கள். வாளித் தண்ணீரில் வைத்துத் தூக்கிவந்து, வரிசையின் முன்பக்கம் குழி போட்டு, ஊன்றி, சேறாகத் தண்ணீர் விட்டு, கம்பில் கட்டினார்கள். எட்டு மணிக்குப் பார்த்தால் நிஜமாகவே காய்த்த வரிசை மாதிரி இருந்தது.

"ஒன்பதுக்கு வந்து, அரை மணி பார்த்துட்டு, பத்துக்குப் போயிட்டா தப்பிச்சோம்" என்றாள் ஃபாயினா.

வேன் பன்னிரண்டரைக்கு வந்தது. வழியில் ஒரு சக்கரம் காற்றுப் போயிற்றாம். யூரல் மலைச் சீமைக்கு அபூர்வமான வெயில் அன்றைக்கென்று கொளுத்தியது. ஐந்து தண்டும் தலையைத் தொங்கப் போட்டு, இலை சுருண்டு, துவைத்த துணி போல நின்றன. ரிம்மா குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இல்கிஸும் அவன் தம்பியும் நாற்காலியைத் தூக்கிவந்து சாம்பல் பாதையில் வைத்தார்கள். அர்க்காதி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இடது கையை நீட்டி, பக்கத்திலிருந்த தண்டைப் பிடித்து இழுத்தார். அது இழுத்த இழுப்பில் கட்டு அவிழ்ந்து கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. கத்தரி வெட்டிய சாய்ந்த வாய்தான் இருந்தது.

ரிம்மா அவர் காலடியில் மண்டியிட்டாள்.

"நான்தான் அர்க்காஷா. அக்டோபர்ல எல்லாத்தையும் வெட்டிட்டேன். கிழடு எது இளசு எதுன்னு தெரியாது எனக்கு. கொளுத்திட்டேன். துளிர்னு சொன்னது, பூன்னு சொன்னது, எல்லாம் பொய். இது ஃபாயினாவோடது. அவ திருடினது. நீ சாப்பிடணும்னுதான் சொன்னேன். செத்துடாதே. இனிமே ஒரு பொய் சொல்லமாட்டேன், உன் மேல சத்தியமா ஒண்ணுகூட சொல்லமாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. வந்துவிட்டது, டாக்டரம்மா சொன்ன அந்த இரண்டாவது பக்கவாதம் இப்போதே வந்துவிட்டது என்று ரிம்மா நினைத்தாள். அவர் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. அவர் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்ததும் உண்மைதான். ஆனால் அவர் தலை வேலிப் பக்கம் திரும்பி, கை ஃபாயினாவைக் காட்டி, உடம்பு குலுங்கியது. கல்நார்த் தகட்டைப் புதைத்தவர், புதைத்தும் திருடு கொடுத்தவர், சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையிலிருந்த தண்டிலிருந்து ஒரு பழத்தை வாயாலேயே கவ்வித் தின்றார். ஒன்றே ஒன்று. மீதியைக் கீழே போட்டுவிட்டார். அவர் பார்வை பச்சைக் கன்றுகளின் கூட்டத்தில் நின்றது. முகம் சுளித்தது. இது என்ன காடு, யார் இப்படி விட்டது என்ற பழைய சுளிப்பு. ரிம்மாவை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கையை வீசினார்.

"போ."

அவள் சாம்பலைத் தாண்டினாள். அவர் விரலை நீட்டினார். நெட்டையான ஒரு கன்றைக் காட்டி, உள்ளங்கையைத் தாழ்த்தினார். இது இருக்கட்டும். அதன் பக்கத்துச் சோனியைக் காட்டி, கையை மேலே வெட்டி இழுத்தார். இதைப் பிடுங்கு. அவள் பிடுங்கினாள். அடுத்ததைக் காட்டினார். பிடுங்கினாள். தப்பானதில் கை வைத்தபோது "இல்ல!" என்று கத்தினார். ஒரு மணி நேரத்தில் வரிசையில் காற்றோட்டம் வந்தது. பிடுங்கியதில் வேரோடு வந்த நல்ல கன்று ஒன்றை எடுக்கச் சொல்லி, வேலியைக் காட்டினார். ஃபாயினா ஏப்ரனில் வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் நின்றாள்.

கடைசியில் அவர் நிற்கட்டும் என்று விட்ட கன்றுகளுக்கெல்லாம் ரிம்மா துணிக்கிழிசல் கட்டி அடையாளம் வைத்தாள். வியர்வையோடு வந்து நாற்காலிக்கு அருகில் நின்றாள். அர்க்காதி அந்தக் கிழிசல்களை வரிசையாகப் பார்த்தார். உதடு கோணியது, கழுத்து இழுத்தது, இடது கை நாற்காலியைப் பிடித்தது. மூன்று சத்தத்துக்கு மேல் வராத வாயிலிருந்து, உருண்டு திரண்டு, வேறொன்று வந்தது.

"அடுத்த... வருஷம்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். பதில் கேட்கிற பார்வை. இல்கிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரிம்மா அவர் தொப்பியைச் சரிசெய்தாள், காலரில் ஒட்டியிருந்த இலையை எடுத்தாள்.

"ஆமா" என்றாள். "அடுத்த வருஷம் நீயே பறிச்சுக்கோ. நான் தொடவே மாட்டேன்."